டாக்டர் ஆன எஞ்சினீயர்

சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் ஒரு காலத்தில் சோதனைக் குழாய் ஒன்று இருக்கும். நீல நிறமான பெனடிக்ட் திரவத்தில் 8 சொட்டுச் சிறுநீரை விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலம் மாறாவிட்டால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டாலோ, அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது!

அந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலோருக்கு அது சிறுநீரில் தலைகாட்டும். ஏரி உடைந்த பிறகு ஓடி வந்து சேதி சொல்லும் காவல்காரன் மாதிரி! சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தால் அதுவும் தெரியாது.

ரத்தத்தையே வீட்டில் சோதித்தால் என்ன? துணிந்து செய்து பார்த்தவர் ஓர் எஞ்சினீயர். அமெரிக்கரான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைனுக்கு 1946-ல், 12-வது வயதில் நீரிழிவு வந்தது. வாலிபம் கழிவதற்குள் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்துகொண்டது. 1969-ல் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கொண்டு ஒரே நிமிஷத்தில் சர்க்கரையின் அளவைச் சொல்லும் கருவி! எடை 3 ராத்தல். விலை 650 டாலர். இரவில் நினைவிழந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் நீரிழிவுக்காரரா, குடிகாரரா என்று கண்டுபிடிக்க ஏற்பட்டது அது. நோயாளிகளுக்கு விற்பதில்லை. நல்ல வேளையாக அவருடைய மனைவியார் ஒரு டாக்டர். அம்மையாரின் பெயரில் கருவி வீடு வந்து சேர்ந்தது.

தினம் 5 முறை விரலைக் குத்திப் பார்த்துக் குறித்து வைத்தார். ஒரே நாளில் 40-க்குக் கீழே இறங்குகிறது. 400-க்கு மேலே ஏறுகிறது! எஞ்சினீயர் அல்லவா? யந்திரத்தைச் சரிப்படுத்துவது போல உணவையும் இன்சுலினையும் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தார். உடம்பு தேறியது. இதைக் கட்டுரையாக எழுதி மருத்துவப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. நோயாளியின் பேச்சு அம்பலம் ஏறுமா? 45-வது வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்துவிட்டார்! 1983-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். 2025-ல் காலமானபோது அவருக்கு வயது 90. அவருடைய உணவு முறையை எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அடிக்கடி அளந்து கட்டுப்பாட்டில் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்கும் என்பதை 1993-ல் 1,441 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது.

இன்று அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முன் இரண்டு நாள் அரைப் பட்டினி கிடப்பார். ஒரு முறை குத்திப் பார்ப்பார். பிறகு கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். டாக்டரை ஏமாற்றிவிட்டதில் அவருக்குப் பரம திருப்தி!

எண் தெரிந்தால் போதுமா? அதைப் படிக்கச் சொல்லித் தர ஆள் வேண்டும். 1934-லேயே லண்டனில் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸும் டாக்டர் லாரன்ஸும் இதற்காக ஒரு சங்கம் கண்டார்கள். இருவருமே நீரிழிவுக்காரர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, பெண் ஊழியர்கள் வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துப் போகிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடாமல் உட்கார வைத்துச் சந்தேகங்களைக் கேட்கலாமே!

வெண்பொங்கல் சாப்பிடுவதற்கு முன் ஒரு தரம், 2 மணி நேரம் கழித்து ஒரு தரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். பொங்கலின் சமாசாரம் தானே தெரிந்துவிடும். மருந்தின் அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நோயாளிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கருவி 70-க்குக் கீழே காட்டினால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையா?" என்று பாட்டி தடுப்பாள், கேட்காதீர்கள்.