உஷார்! டிக்கிக்குள் போகக் கூடாத பை

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் நிறைய இருப்பார்கள். லீவோடு லீவாக வளைகாப்பையும் முடித்து, பெண்ணை அப்படியே தாய்வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று நம் வீடுகளில் கணக்குப் போடுவது வழக்கம். ஆக, ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, வருஷத்திலேயே நெரிசல் அதிகமான ராத்திரியில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பயணம்!

பெட்டி கட்டும்போது பட்டுப்புடவை மறக்காது, மாமியார் கொடுத்த முறுக்கு டின்னும் மறக்காது. மருத்துவ ஃபைலையும் யாரும் மறப்பதில்லை. ஆனால் அது எங்கே போகிறது? ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று பெரிய சூட்கேஸின் அடியில், புடவை மடிப்புக்குள். வினையே அங்கேதான். கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ் டிக்கிக்குள் போன சூட்கேஸ், இறங்கும் ஊரில்தான் வெளியே வரும். உளுந்தூர்பேட்டை தாண்டி நடுராத்திரியில் ரத்தம் பட்டால், 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஓடுகிற பதற்றத்தில் டிக்கியைத் திறக்கச் சொல்ல யாருக்கு நினைவிருக்கும்?

அங்கே இருக்கும் டூட்டி டாக்டருக்கு உங்களைத் தெரியாது. எத்தனை வாரம், பிரஷர் எவ்வளவு இருந்தது, ரத்தப் பிரிவு என்ன என்று கேட்பார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டு கீழே இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படி இருந்தால் உள்ளே கைவிட்டுப் பரிசோதிப்பதே ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பதில் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரே வரியில் இருக்கிறது, ரிப்போர்ட்டோ பஸ்ஸோடு போய்விட்டது. ரத்தப் பிரிவு நெகட்டிவாக இருக்கும் பெண்ணுக்கு ரத்தம் பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். ‘பாசிட்டிவ்னுதான் நினைக்கிறேன்’ என்று கணவர் தலையைச் சொறிந்தால் எப்படி?

அதனால் தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று தனியாக வேண்டும். தாய் சேய் நல அட்டை, கடைசி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு எல்லாம் அதில். கர்ப்பப் பதிவுக்கான ஆர்சிஹெச் எண்ணையும் குறித்து வையுங்கள். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அதைக் கேட்பார்கள். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துக் கணவர், அம்மா இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். போன் சார்ஜ் தீரும், ஆகவே தாளும் வேண்டும்.

மாத்திரையில் இன்னொரு வில்லங்கம். பத்து நாளைக்கு வேண்டியதை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு கவரில் கொட்டிக் கொண்டுபோகிறோம். தீர்ந்ததும் ஊர் மெடிக்கலில் போய், ‘சின்னதா, மஞ்சளா இருக்குமே அண்ணே’ என்றால் அவர் என்ன செய்வார்? அட்டையோடு, பெயர் தெரிகிற மாதிரி எடுத்துப் போங்கள், இரண்டு மூன்று நாளைக்கு உபரியாகவும். பிரஷர் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் அதை டிக்கியில் வைத்தால் சூட்டில் கெடும், விமானத்தில் செக்-இன் பெட்டியில் போட்டால் உறைந்து கெடலாம்.

முதுகு வலிக்கிறது என்று வழியில் கடைக்காரரிடம் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வது இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2020-ல் எச்சரித்தது. வலிக்கு எதைப் போடலாம் என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பையில் வையுங்கள். அவரே எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கதை. அதைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பஸ் எங்கே நிற்கும், கழிப்பறை எப்படி இருக்கும் என்று பயந்தே நம் பெண்கள் மத்தியானத்திலிருந்து தொண்டையை நனைப்பதில்லை. நீர்க்கடுப்பு வருவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கர்ப்பத்தில் அந்தச் சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்தில் கொண்டுவிடவும் செய்யும். தண்ணீர் பாட்டில், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட், டிஷ்யூ, சின்ன சோப்பு, மாற்று உள்ளாடை, நாப்கின் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கழிப்பறை வசதிக்காகவே நான் ரயில் பக்கம். கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடும் உண்டு. கவுன்ட்டரில் டாக்டர் சான்றிதழைக் காட்டிக் கேளுங்கள். ஸ்லீப்பர் பஸ்ஸில் மேல் பெர்த்தில் ஏறவே ஏறாதீர்கள்.

கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும், அதனால் நாலு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்காருவது ஆபத்து. இடையிடையே எழுந்து நடங்கள். காரில் போனால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டி வர வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. விமானம் என்றால், 32 வாரத்துக்கு மேல் நம் விமான நிறுவனங்கள் பலவும் டாக்டர் சான்றிதழ் கேட்கும். 36 தாண்டினால் பெரும்பாலும் ஏற்றாது.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நிறைமாதத்தில் விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். வளைகாப்பு வளையலும் கையை இறுக்கினால் சகுனம் பார்க்காமல் இரண்டைக் குறையுங்கள்.

ஆனால் கையோடு முகமும் திடீரென்று உப்பினால், தாங்க முடியாத தலைவலி வந்தால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால் அது பயணக் களைப்பு அல்ல, பிரஷர் எகிறுவதன் அடையாளம். ரத்தம், நீர்க்கசிவு, குழந்தை அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும், ‘ஊர் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டிரைவரை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், 108-ஐ அழையுங்கள், சின்னப் பையோடு இறங்குங்கள். சூட்கேஸ் பாட்டுக்குப் போகட்டும்.