பணியிடம் ஒழிந்தது, ஆள்?

'அவருக்கு வேலை போயிடுச்சு' என்கிறோம். வேலை தானாக எழுந்து நடந்துவிட்ட மாதிரி. அரசாணைத் தமிழ் இதையே 'பணியிடங்கள் ஒழிக்கப்படுகின்றன' என்று எழுதும். முதல் வாக்கியத்தில் செய்தவர் இல்லை; இரண்டாவதில் பறிகொடுத்தவரும் இல்லை. எம்.ஏ. வகுப்பில் செயப்பாட்டுவினையை இலக்கணமாக மட்டுமே படித்தோம். அதற்கு ஓர் அதிகாரம் உண்டு என்பதை மக்கள் நலப் பணியாளர்களின் கதையில்தான் நான் கண்டது.

1989-இல் தி.மு.க. ஆட்சி ஊராட்சிகளில் இவர்களை நியமித்தது; 25 ஆயிரம் பேருக்கு மேல். 1991-இல் அ.தி.மு.க. ஆட்சி வீட்டுக்கு அனுப்பியது. 1997-இல் அழைப்பு, 2001-இல் நீக்கம், 2006-இல் மறுபடி அழைப்பு, 2011 நவம்பரில் சுமார் 13,500 பேர் வெளியே. இருபது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது நாற்பத்திரண்டு. வேறு வேலைக்கு வயசு தாண்டியாச்சு.

இது எப்படிச் சாத்தியம்? அரசுப் பதவியில் இருப்பவரைத் தண்டனையாக நீக்குவதென்றால், குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் கேட்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு. ஆனால் பணியிடத்தையே ஒழித்தால் அது தண்டனை ஆகாது. 311 குறுக்கே வராது. உச்ச நீதிமன்றம் 1973-லேயே ஏற்றுக்கொண்ட வாதம் இது. நாற்காலியைத்தானே எடுத்தோம், உட்கார்ந்திருந்தவரை யார் என்ன சொன்னது? குற்றமே சாட்டப்படாதவர் 'நான் செய்யலீங்க' என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒழித்தது நல்லெண்ணத்தோடுதானா என்று வழக்காடலாம். ஆடினார்கள், வருஷக்கணக்கில்.

கட்சிப் பழிவாங்கல் என்று நண்பர்கள் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கொடுத்த ஆட்சியும், அடுத்தது எடுக்க முடியாதபடிக் கொடுக்கவில்லையே. எடுத்தவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும் இந்த நிலையற்ற தன்மை உதவியிருக்கிறது: ஐந்து வருஷத்துக்கொருமுறை நன்றியுள்ள ஒரு கூட்டம். நம் எழுத்தாளர்கள் இதை 'வாழ்வின் நிச்சயமின்மை' என்று எழுதும்போது எரிச்சல் வருகிறது. இந்த நிச்சயமின்மைக்குத் தேதி இருக்கிறது, அரசாணை எண் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.

2022-இல் இவர்களுக்கு மாதம் 7,500 ரூபாயில் ஓர் ஏற்பாடு வந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 'பணியாளர்' போய் 'பணி ஒருங்கிணைப்பாளர்' ஆனார்கள். கிடைத்ததற்குப் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். சேர்க்கப்பட்டது வேலை உறுதித் திட்டத்தில்.