ஆவாரைக் குடிநீர்: வழக்கும் விஞ்ஞானச் சான்றும்

இலங்கையின் வறண்ட வலயத்தில் வீதியோரங்களிலும் கரையோரப் பற்றைகளிலும் மஞ்சட் பூக்களோடு தானாகவே வளர்ந்து நிற்கும் ஆவாரையைச் சிங்கள மக்கள் 'ரணவரா' என்பர். அதன் பூவையும் இலையையும் உலர்த்திக் கொதிநீரிலிட்டுப் பருகும் வழக்கம் இரு மொழியினர்க்கும் பொதுவானது. சலரோகத்துக்கு ஆவாரைக் குடிநீரைச் சித்த மருத்துவம் விதிக்கின்றது. ஆவாரை பூத்திருக்கும் இடத்திற் சாவு நெருங்காது என்னும் கருத்துப்படப் பழமொழியும் தமிழில் வழங்குகின்றது. பழமொழி சான்றாகாது; எனினும் ஆராயத்தக்கது எது என்பதை அது சுட்டிக் காட்டலாம்.

அவ்வாறு ஆராய்ந்தோர் உளர். ஸ்ரெப்ரோசோற்றோசின் என்னும் பொருளினாற் சலரோகம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை முப்பது நாள் கொடுத்து, அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 0.45 கிராம் என்ற அளவிற் குருதிக் குளுக்கோசு தெளிவாகக் குறைந்தது. இம்முடிவை விளம்பரமாக்குவோர் இரண்டைக் கவனிப்பதில்லை. முதலாவது, ஸ்ரெப்ரோசோற்றோசின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிப்பது. நடுத்தர வயதினரிற் காணப்படும் சலரோகமோ பெரும்பாலும் இன்சுலினுக்கு உடல் செவ்வனே இணங்காமையால் விளைவது. இரண்டாவது, அளவு. எலிக்கும் மனிதனுக்கும் இடையிலான உடற்பரப்பு வேறுபாட்டைக் கருதிக் கணித்தாலும், அறுபது கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு அது நாளொன்றுக்கு நாலு கிராமுக்கு மேற்பட்ட உலர்சாறாகின்றது. இது பூவின் நிறையன்று, பூவிலிருந்து பிரித்தெடுத்த சாற்றின் நிறை. சில பூக்கள் மிதக்கும் ஒரு கோப்பை நீரை இதனோடு ஒப்பிட முடியாது.

பயனைவிடப் பாதுகாப்பே கடினமான வினா. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்சகுலரத்ன, குணதிலக்க, பானபொக்க ஆகியோர் இந்நாட்டு மருத்துவத்திற் பயன்படும் ஐம்பது மூலிகைகளைப் பரிசோதித்து 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பைரோலிசிடீன் அற்கலோயிட்டுக்கள் மூன்றில் உள்ளனவென அவர்கள் கண்டனர்: கிலுகிலுப்பை இனத்தைச் சேர்ந்த ஒரு செடி, குடசப்பாலை, ஆவாரை. இவற்றை உணவிற் கலந்து ஊட்டப்பட்ட எலிகளின் ஈரலில் அத்தகைய அற்கலோயிட்டுக்களுக்கு ஒத்த சிதைவுகள் காணப்பட்டன.

இவ்வற்கலோயிட்டுக்கள் உட்சென்றவுடன் நஞ்சல்ல. ஈரலின் நொதியங்களே அவற்றை நஞ்சாக மாற்றுகின்றன. அந்நஞ்சு ஈரற் கலங்களைத் தாக்கிச் சிறு நாளங்களை அடைக்கின்றது. ஜமெய்க்காவிற் செடித் தேநீர் குடித்த குழந்தைகளிடம் 1950களில் இந்நோய் விவரிக்கப்பட்டது. 1970களில் ஆப்கானிஸ்தானிலும் மத்திய இந்தியாவின் சர்குஜாவிலும் தானியத்தோடு கலந்த களைவிதைகளால் ஏழை உழவர் பலர் மாண்டனர்.

ஆவாரையைப் பொறுத்தவரை ஓர் ஐயத்துக்கு இடமுண்டு. அவரைக் குடும்பத்தில் இவ்வகை அற்கலோயிட்டுக்கள் பெரும்பாலும் கிலுகிலுப்பை இனத்திலேயே அறியப்பட்டவை. ஆகவே ஆவாரையில் அவை காணப்பட்டமை எதிர்பாராதது. எதிர்பாராத முடிவு அதனாலேயே பிழையாகிவிடாது. அது வேறோர் ஆய்வுகூடத்தில், வெவ்வேறு இடத்துச் செடிகளில், பொருளின் கட்டமைப்பைத் துணிந்து சரிபார்க்கப்பட வேண்டியது என்பதே என் கருத்து.

'எம் பாட்டன்மார் குடித்தனர், ஒன்றும் நேரவில்லை' என்பது இங்கு அடிக்கடி கூறப்படும் மறுமொழி. உடனே வரும் தீங்கை நீண்டகால அனுபவம் காட்டிக் கொடுக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. வாந்தி, மயக்கம் தரும் இலையைக் கிராமம் விரைவில் விலக்கிவிடும். ஆனாற் பல்லாண்டு கழித்து ஈரல் இறுகி ஒருவர் இறக்கும்போது, அவர் காலைதோறும் அருந்திய குடிநீரை எவரும் நினைப்பதில்லை. மரபறிவு குறைபாடுடையது என்பதன்று இதன் பொருள். அவதானிப்பின் எல்லையே அது. மேனாட்டு மருந்துகளின் வரலாற்றிலும் இவ்வெல்லை பலமுறை வெளிப்பட்டுள்ளது.

மேலும், அப்பாட்டன்மார் வேறு மருந்து உட்கொள்ளவில்லை. இன்றைய நோயாளி சிகிச்சை நிலையத்து வில்லைகளையும் வீட்டுக் குடிநீரையும் ஒன்றாகவே எடுக்கின்றார். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துகள் கிடைக்காதபோது மூலிகையை நாடியோரைக் குறை கூறுவதும் நியாயமன்று. 2004இல் இலங்கை ஆய்வாளர், ஆவாரைத் தேநீரையும் முடக்கொத்தான் தேநீரையும், வலிப்புக்குக் கொடுக்கப்படும் காபமசெப்பின் என்னும் மருந்தோடு எலிகளுக்குக் கொடுத்தனர். முடக்கொத்தானாற் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆவாரையோ குருதியில் அம்மருந்தின் அளவை 47 வீதம் உயர்த்தியது. அவ்வெலிகளில் நச்சுக்குறி வெளிப்படவில்லை என்பதும் உண்மை. ஆயினும் மனிதரிற் காபமசெப்பினின் பயன்தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. வலிப்பு நோயாளரிடம் 'வேறு என்ன குடிக்கிறீர்கள்?' என்று வைத்தியர் வினவ இவ்வொரு முடிவே போதிய காரணம். ரணவராப் பொதிகளின் மேலுறையிலும் இதனை இரு மொழியிலும் அச்சிடலாம்.