28 எங்கே ஒளிந்திருக்கிறது?

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஐ.டி. பொறுப்பாளர் கேட்டிருக்கிறார்: "எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர் மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள். மூன்று பேர் வந்து டெமோ காட்டினார்கள். மூன்றும் அழகாகத்தான் இருக்கின்றன. எதை வாங்குவது?"

அழகை விடுங்கள், 2025 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். 28 சதவீத வரியில் இருந்த உதிரிபாகங்களை 18 சதவீதத்துக்குக் கொண்டுவர ஜி.எஸ்.டி. கவுன்சில் 3ஆம் தேதி முடிவெடுத்தது. 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். அது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதுதான் பெரும்பாடு. ஈ.ஆர்.பி.யின் ஐட்டம் மாஸ்டரில் இருக்கும். கணக்குப் பிரிவின் டேலியில் இருக்கும். கொட்டேஷன் போடும் எக்செல் தாளில் யாரோ கையால் தட்டி வைத்திருப்பார்கள். வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டரிலும் இருக்கும்.

மாநில எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் முடிச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் இன்னொரு யூனிட் இருந்தால் 33இல் தொடங்கும் ஜி.எஸ்.டி. எண் ஒன்று, 29இல் தொடங்குவது ஒன்று. தன் யூனிட்டுக்கே சரக்கை அனுப்பினாலும் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஐ.ஜி.எஸ்.டி. உண்டு. அதே பாகத்தை பிளேட்டிங் போட அனுப்பினால் வரியில்லாமல் டெலிவரி சலானில் அனுப்பலாம். ஒரே பாகம், போகும் வழிக்கேற்ப வேறு வேறு கணக்கு.

எங்கள் வீட்டில் சுவருக்குள் ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன் ஊரைவிட்டே போய்விட்டார். சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் அடிக்கிறோம். பல கம்பெனிகளின் மென்பொருள் நிலைமையும் அதுதான். அந்த ஒயரிங் எப்படிப் போகிறது என்று எழுதி வைப்பதே எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர் என்ற துறையின் வேலை. ஐ.பி.எம்.மில் இருந்த ஜான் சாக்மன் 1987இல் எழுதிய கட்டுரையைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள்.

இந்த ஒயரிங்கைப் பவர்பாயிண்டிலும் வரையலாம்; ஆனால் அங்கே ஒரு மென்பொருளுக்கு வரைந்த பெட்டி வெறும் படம். இந்தத் துறைக்கான கருவிகளில் அது ஒரு பதிவு. பத்துப் படங்களில் வந்தாலும் பொருள் ஒன்றுதான். ஓரிடத்தில் பெயரை மாற்றினால் பத்திலும் மாறிவிடும். அதனால்தான் கருவியிடம் கேள்வி கேட்க முடிகிறது.

எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று இதில் உண்டு. இந்தப் படங்களை வரைய ஆர்க்கிமேட் என்றொரு குறியீட்டு மொழி இருக்கிறது. 2002க்கும் 2004க்கும் இடையில் நெதர்லாந்தில் உருவானது. அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பலம் உண்டு. ஒன்று மற்றொன்றின் அங்கம் என்பது பலமான உறவு; ஒருவரிடம் வேலையை ஒப்படைத்திருப்பது அதற்கு அடுத்தது; ஒன்று மற்றொன்றை நிறைவேற்றித் தருவது இவற்றில் மெலிந்தது. இப்போது பாருங்கள்: டிஸ்பேட்ச் பிரிவு தொழிற்சாலையின் அங்கம். பில் போடும் வேலை அந்தப் பிரிவிடம். அந்த வேலை 'சரக்கு அனுப்புதல்' என்ற சேவையை நிறைவேற்றுகிறது. நடுவில் உள்ள இரண்டையும் எடுத்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து சேவைக்கு நேராக ஒரே கோடு போடலாமா? போடலாம். ஆனால் வழியில் இருந்தவற்றில் எது மெலிந்ததோ, அந்தக் கோட்டைத்தான் போடலாம். சுருக்கிச் சொல்லும்போது உறவை ஊதிப் பெருக்க முடியாது. முதலாளிக்கு ஒரே கோடு, கணக்காளருக்கு முழு விவரம்; இரண்டும் ஒரே தகவலிலிருந்து வருவதால் ஒன்றுக்கொன்று முரண்படாது. நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் இப்படியொரு விதி இருந்திருக்கலாம்!

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். ஆர்க்கி என்ற கருவி இலவசம். பிரிட்டனின் போல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் ஸ்பார்க்ஸ் சிஸ்டம்ஸ் விற்கும் கருவியும் உண்டு. இப்படியொரு கருவியை விற்கும் ஜெர்மனியின் லீன்ஐஎக்ஸ் நிறுவனத்தை 2023இல் எஸ்.ஏ.பி. வாங்கிவிட்டது. சில கருவிகளுக்குப் பயனர் தலைக்கு விலை; சிலவற்றுக்கு நீங்கள் பதிந்து வைக்கும் மென்பொருள்களின் எண்ணிக்கைக்கு. பின்னதில் கம்பெனி வளர வளர பில்லும் வளரும்.

டெமோவில் அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கம்பெனியைப் பார்க்காதீர்கள். உங்கள் ஈ.ஆர்.பி., டேலி, எக்செல், இரண்டு ஜி.எஸ்.டி. எண்கள் ஆகியவற்றை எதிரிலேயே பதியச் சொல்லுங்கள். "வரி மாறினால் எவற்றைத் தொட வேண்டும்?" என்று கேளுங்கள். பட்டியல் வருகிறதா, எக்செல் தாள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, பதிந்ததையெல்லாம் வெளியே எடுத்து ஆர்க்கியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதற்கென்றே ஆர்க்கிமேட்டுக்குப் பொதுவான கோப்பு வடிவம் ஒன்று இருக்கிறது. "அது அடுத்த வெர்ஷனில் வரும்" என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாங்கியதும் சுவரளவு படம் ஒன்றை அச்சிட்டு மாட்டி, அத்தோடு கருவியை மறந்துவிடுவது நம் கம்பெனிகளின் வழக்கம். விவரம் தெரிந்த பையன் ஒருவன் தலையில் எல்லாம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். எலக்ட்ரானிக் சிட்டி அரை மணி நேரப் பயணம். நாலாயிரம் அதிகம் கிடைத்தால் அவன் போய்விடுவான். அவனைக் குறை சொல்வது நியாயமில்லை. அவன் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு எழுதாதது நம் குற்றம்.

ஆகவே கடிதம் எழுதிய நண்பரே, முதல் ஆறு மாதம் ஆர்க்கி போதும். மாதாமாதம் அதிலுள்ள பதிவுகளைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து, அதற்கான நேரத்தையும் ஒதுக்குங்கள். ஆறு மாதமும் அந்த வேலை நடந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். நடக்கவில்லையென்றால் எந்தக் கருவியும் வேண்டாம்.