தவிடும் பெருங்குடலும்

சைக்கிள் டயர் நைந்த இடத்தில் உள்ளிருக்கும் ட்யூப் பிதுங்குவதை நேயர்கள் கண்டிருக்கலாம். வயது ஏறுங்கால் பெருங்குடலின் சுவரிலும் இரத்தக் குழாய் நுழையும் இடங்களில் அவ்விதமே சிறு பைகள் பிதுங்குகின்றன. பெரும்பாலோர்க்கு இவற்றால் உபத்திரவமே இல்லை. சிலருக்கு மட்டும் பை அழன்று வலியும் ஜுரமும் காணும். அல்லது இரத்தம் போகும்.

தவிடு போக்கிய ஆகாரமே இதற்கு மூலம் என்று 1971-ல் பெயின்டர், பர்கிட் என்னும் பிரிட்டிஷ் வைத்தியர்கள் எழுதினார்கள். 1934-ல் காந்தியடிகள் தோற்றுவித்த கிராமக் கைத்தொழில் சங்கமும், அதன் காரியதரிசி குமரப்பா அவர்களும் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியது எவ்வளவு பொருத்தம்! கள்ளிக்குப்பத்து வீடுகளிலோ இன்று பாலிஷ் போட்ட அரிசிக்குத்தான் மதிப்பு. நார்க் குறைவு ஒன்றே காரணமன்று. பரம்பரையும் பருமனும் புகைபிடித்தலும் சேரும் என்பது இப்போதைய முடிவு. எனினும் கேழ்வரகு, கீரை, அவரை, கொய்யா ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கூட்டி, தண்ணீரும் தாராளமாகப் பருகுவது நலம். வேர்க்கடலையை விலக்க வேண்டியதில்லை. 47,000-க்கு மேற்பட்ட அமெரிக்க ஆடவரை ஆராய்ந்து 2008-ல் வெளியான கட்டுரை அந்தப் பழைய பயத்தைப் போக்கிவிட்டது.

மேனாட்டாருக்கு இப்பைகள் பெரும்பாலும் இடப்பக்கம். ஆசியருக்கு வலப்பக்கத்திலும் மிகுதி. ஆகவே 'அப்பெண்டிஸைட்டிஸ்' என்று மயங்க இடமுண்டு. எதுவாயினும், ஜுரத்தோடு வயிறு வலிக்கும்போது பாட்டிமார் விளக்கெண்ணெய் புகட்டுவது பெரும் அபாயம். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.