கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்



சுங்கை சிப்புட்டிலோ, பத்து காஜாவிலோ, கம்பாரிலோ ஒரு குறைந்த விலை வீட்டை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் இருவரும் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியது; லயத்து வீடும் போயிற்று. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மகனுக்கென்று வாங்கிய கணினி ஒன்று கூடத்து மூலையில் இருக்கிறது. அதில்தான் அவன் பாடம் படிக்கிறான், அதில்தான் விளையாடுகிறான். இப்போது புதிய விளையாட்டுகளைப் போட்டால் படம் திக்கித் திக்கி வருகிறது. "அப்பா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்கிறான்.

விலையைக் கேட்டதும் தகப்பனாருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது 2025-ஆம் ஆண்டில்தான். நடுத்தரமான புதுக் கார்டு ஒன்றே அதில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். ஆகவே, பெயர்தான் விளையாட்டுக் கணினி, செலவு விளையாட்டல்ல. இந்தப் பணம் வீண் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இன்று சேர்ந்து சிந்திப்போம்.

முதலில், இந்தக் கார்டு என்ன வேலை செய்கிறது? கணினித் திரையில் தெரியும் படம் இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் அகலவாக்கில் 1,920 புள்ளிகள், உயரவாக்கில் 1,080 புள்ளிகள். மொத்தம் இருபது இலட்சத்துக்கும் மேல். படம் தடையின்றி ஓட வேண்டுமானால் இத்தனை புள்ளிகளுக்கும் வினாடிக்கு 60 முறை நிறம் கணக்கிட்டுத் தர வேண்டும். அந்தக் கணக்கு வேலைக்கென்றே அமைந்ததுதான் கிராபிக்ஸ் கார்டு. எந்தப் பொருள் எங்கே நகர வேண்டும், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று கட்டளையிடுவது செயலி. கார்டு அதைப் படமாக்குகிறது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே இதைப் பார்க்கலாம். ரப்பர் ஆலையில் புதிய உருளை இயந்திரம் வாங்கிப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்காட்டிலிருந்து வரும் பால் பழைய அளவிலேயே இருந்தால், ஷீட்டு மட்டும் கூடி விடுமா? கூடாது. அதுபோலவே, செயலி அனுப்புகிற வேலை குறைவாக இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கும்.

குறை எங்கே இருக்கிறது என்று காசு செலவில்லாமல் அறிய வழி உண்டு. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். ஜிபியு என்பது கார்டைக் குறிக்கும். சிபியு என்பது செயலியைக் குறிக்கும். கார்டு 95 விழுக்காட்டுக்கு மேல் உழைத்துக்கொண்டே இருந்தால், கார்டுதான் களைத்துவிட்டது. கார்டு 50 விழுக்காட்டில் நிற்க, செயலி மூச்சுத் திணறினால், கார்டை மாற்றிப் பயனில்லை. இன்னொரு சோதனையும் செய்யலாம். விளையாட்டின் படத் துல்லியத்தைக் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் ஓட்டம் வேகமானால் கார்டில்தான் குறை. ஒரு மாற்றமும் இல்லையென்றால் குறை வேறிடத்தில்.

மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டை ஒருமுறை திறந்தும் பாருங்கள். நம் ஊர் வெப்பத்துக்கும் தூசிக்கும் காற்றாடிகள் அடைபட்டுப் போவது சாதாரணம். சூடேறிய கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தாலே பழைய கார்டு இன்னும் ஓராண்டு உழைக்கக்கூடும்.

துடைத்தும் சரியாகவில்லை, கார்டுதான் குறை என்று உறுதியாயிற்று. இனி நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மின்சாரம். கார்டு செருகும் இடம் 75 வாட் வரைதான் கொடுக்கும். அதற்குமேல் வேண்டுமானால் பவர் சப்ளை பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரும். பவர் சப்ளையின் மேல் ஒட்டியுள்ள தாளில் 12 வோல்ட் கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12-ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்றால் 300 வாட். கார்டும் செயலியும் மற்றவையும் அதற்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும். எட்டு முனைக் கம்பி இல்லையே என்று, வட்டு இயக்கிக்குப் போகும் மெல்லிய கம்பியில் மாற்று முனையை மாட்டி ஒப்பேற்றுவது மிகவும் தவறு. கம்பி சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

இரண்டாவது, இடம். கார்டின் நீளம் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியை வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பல ஒடுக்கமான பெட்டிகள். பவர் சப்ளையும் தனி வடிவில் இருக்கும், எளிதில் மாற்ற முடியாது.

மூன்றாவது, திரை. புதிய கார்டுகளில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்ற வாய்கள்தான் இருக்கும். பழைய திரையில் நீல நிற விஜிஏ வாய் மட்டும் இருந்தால், தனி மாற்றுக் கருவி வாங்க வேண்டும்.

நான்காவது, கணினியின் வயது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்தியது. 2017-க்கு முன் வந்த செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினிக்கு ஆயிரம் ரிங்கிட்டில் கார்டு வாங்குவது, இடியப்போகும் சுவருக்குப் புதுக் கூரை போடுவதுபோல் ஆகிவிடும்.

சரி, எதை வாங்கலாம்? தனிக் கம்பி இல்லாத சிறிய பவர் சப்ளை என்றால், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்னும் கார்டின் 6 ஜிபி வகையைப் பார்க்கலாம். 2024-இல் வந்த அது 70 வாட்டில் ஓடும். 300 வாட் பவர் சப்ளை போதும். அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. அதற்கு 130 வாட்டும் தனிக் கம்பியும் வேண்டும். பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். 450 வாட் நல்ல பவர் சப்ளையும் எட்டு முனைக் கம்பியும் இருந்தால், 2021-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 பழைய கணினிக்குப் பொருத்தமானது. 132 வாட், 8 ஜிபி நினைவகம். ஆனால், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பழைய மதர்போர்டில் வேகம் இழக்கும். மதர்போர்டோடு பேசிக்கொள்ள அதற்கு நான்கு தடங்களே உண்டு. இன்டெலின் ஆர்க் பி580-க்கு 'ரீசைசபிள் பார்' என்ற வசதி மதர்போர்டில் வேண்டும். பழையவை பலவற்றில் அது இல்லை.

பழைய கார்டு வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். எத்தீரியம் என்னும் மின்னியல் நாணயத்தை உருவாக்க இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றதும் அவை சந்தைக்கு வந்தன. என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால், புதிய விளையாட்டுகளுக்காக அவற்றுக்கு அளித்து வந்த மென்பொருள் மேம்பாடு 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை உண்டு. இவற்றோடு, மிகப் பழைய கார்டில் புதிய பெயரைப் பதித்து விற்கும் மோசடியும் நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். விற்பவர் முன்னாலேயே அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையில் வாங்கினால் இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் ஏமாற்றினால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். தனி ஆளிடம் கைமாற்றாக வாங்கிய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நிறைவாகப் பெற்றோருக்கு ஒரு சொல். இந்தச் சில்லுகள் நமக்கு அந்நியமானவை அல்ல. 1972-இல் இன்டெலும் ஏஎம்டியும் பினாங்கில் ஆலை தொடங்கின; அதே ஆண்டில் ஈப்போவில் கார்செம் தொடங்கியது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களிலும், சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் இத்தகைய ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் உண்டு. நம் கைபட்ட தொழில்தான் இது. பையன் கார்டு கேட்டால், "விளையாட்டுக்குப் பணமா?" என்று கடிந்து அனுப்பிவிடாதீர்கள். கேட்டதும் கடன் வாங்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஒரு தாளைக் கையில் கொடுத்து, "பவர் சப்ளை எத்தனை வாட், பெட்டியில் எவ்வளவு இடம், திரையில் என்ன வாய், செயலியின் பெயர் என்ன, டாஸ்க் மேனேஜர் என்ன காட்டுகிறது? இந்த ஐந்தையும் எழுதிக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். அந்தத் தாளோடு இருவரும் சேர்ந்து ஈப்போவுக்குப் பேருந்து ஏறுங்கள்.

அந்தத் தாளை எழுதி முடிப்பதற்குள் உங்கள் பிள்ளை தன் கணினியைப் பற்றி ஒரு கடைக்காரர் சொல்லித் தருவதைவிட அதிகம் கற்றுக்கொண்டிருப்பான். கார்டு வாங்கினாலும் சரி, தூசி துடைத்ததோடு நின்றாலும் சரி, அந்தப் படிப்பு அவனோடு இருக்கும்.