திரும்பி வந்த சரக்கும் ஒரு மசாலா மதுவும்

விற்காமல் திரும்பி வரும் சரக்கு என்றாலே வணிகர்களாகிய நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நார்வே நாட்டிலோ அப்படித் திரும்பி வந்த சரக்கு ஒன்று தனிப் பெயரே பெற்றுவிட்டது. 1805-ஆம் ஆண்டு டிரோன்ஹெய்ம் நகரின் லிஸ்ஹோல்ம் குடும்பத்தார் 'அக்வாவிட்' என்ற மசாலா மதுவைப் பீப்பாய்களில் ஏற்றி, இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே வாங்க ஆளில்லை. கப்பல் அப்படியே ஊர் திரும்பியது. திறந்து பார்த்தால் சுவை முன்னைவிடக் கூடியிருந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 'லினியே' என்ற பெயரில் விற்கும் அந்த வகை, இன்றும் பழைய ஷெர்ரி பீப்பாயில் கப்பலேறி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்த பிறகே பாட்டிலில் அடைபடுகிறது. போய் வந்த கப்பலின் பெயரும் தேதியும் லேபிளின் பின்புறத்தில் இருக்கும். கப்பல் கூலியையே விளம்பரமாக மாற்றிய சாமர்த்தியம்!

அக்வாவிட்டின் உயிர் மதுவில் இல்லை, மளிகைக் கடையில் இருக்கிறது. கேரவே விதை, சதகுப்பை விதை இரண்டில் ஒன்றாவது மணத்தில் முந்தி நிற்க வேண்டும். மது அளவு 37.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

வீட்டில் செய்பவர்கள் காய்ச்சுவதில்லை. சுவீடனிலும் நார்வேயிலும் வீட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றம். தீ விபத்துக்கும் நச்சுக்கும் இடமுள்ள வேலை அது. வரி கட்டிய சாதாரண வோட்கா ஒரு பாட்டில் வாங்கி, அதில் விதைகளை ஊறப்போடுவதுதான் வீட்டு முறை. 700 மில்லிக்கு ஒன்றரை மேஜைக்கரண்டி கேரவே, ஒரு தேக்கரண்டி சதகுப்பை, கொஞ்சம் சோம்பு, நாலைந்து தனியா, வெள்ளைப் பகுதி நீக்கிய ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. விதையை லேசாக நசுக்கினால் போதும். பொடியைப் போட்டால் கலங்கிவிடும், வடிகட்டுவதும் பெரும்பாடு. ஆரஞ்சுத் தோலை இரண்டாம் நாளே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கசக்கும். மற்றவை ஒரு வாரம் வரை ஊறலாம். தினமும் சொட்டு ருசி பார்த்து, மணம் ஏறியதும் வடிகட்டுவார்கள். நன்றாகக் குளிரவைத்து, ஊறவைத்த ஹெர்ரிங் மீனுடன் சிறு கிண்ணங்களில் அருந்துவது வழக்கம்.

அந்த இரு நாடுகளிலும் மளிகைக் கடைக்காரர் வோட்கா விற்க முடியாது. சுவீடனில் 'சிஸ்டம்போலாகெட்', நார்வேயில் 'வின்மோனோபோலெட்' என்ற அரசுக் கடைகளுக்கே அந்த உரிமை. பாட்டில் அரசுக்கு, விதை வியாபாரம் மளிகைக்கு!

நாம் கவனிக்க வேண்டியது பெயர்க் குழப்பம். சுவீடன் மொழியில் 'குமின்' என்றால் சீரகம் அல்ல, கேரவே. நம் சீரகத்துக்கு அங்கே 'ஸ்பிஸ்குமின்' என்று பெயர். ஜெர்மனியிலும் இதே கதை: 'கும்மெல்' கேரவே, 'க்ரொய்ட்ஸ்கும்மெல்' சீரகம். ஓசையை நம்பி ஆர்டர் எடுத்தால் சரக்கு திரும்பிவரும். அது லினியே போல விலை கூடி வராது. பார்வைக்கு இரண்டு விதையும் அண்ணன் தம்பி போலத்தான். கேரவே சற்றுக் கருத்து, பிறைபோல் வளைந்திருக்கும். கையில் கசக்கினால் 'கார்வோன்' என்ற எண்ணெயின் குளிர்ந்த மணம் வரும். சீரகத்தின் மணம் வேறு எண்ணெயால் வருவது. நம் சந்தையில் ஷாஜீரா என்ற பெயரிலும் கேரவே வரும். அதே பெயரில் காஷ்மீரத்து வேறொரு மெல்லிய விதையும் வரும். ஆகவே வெளிநாட்டு ஆர்டரில் 'கேரம் கார்வி' அல்லது 'குமினம் சைமினம்' என்று தாவரப் பெயரையே பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாதிரிப் பொட்டலம் அனுப்பி ஒப்புதல் வாங்குவது இன்னும் நல்லது.

சதகுப்பையிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. நம் நாட்டு விதையில் கார்வோன் குறைவு, ஐரோப்பிய வகையில் அதிகம். அக்வாவிட்டுக்கு என்று கேட்பவருக்கு எந்த வகை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.